லாரி கேபினில் சூடு வரவில்லையா? முதலில் இரண்டு ஹோஸைத் தொட்டுப் பாருங்கள்

பழைய டீசல் லாரியில் கேபின் ஹீட்டர் சரியாக வேலை செய்யாததைப் பற்றிப் பலர் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: இருபது வருடம் ஓடிய டீசல் லாரி. ஹீட்டரை முழுதாக வைத்தாலும் வெதுவெதுப்பான காற்றுதான் வருகிறது. ஹீட்டர் கோரை மாற்றிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். பல வண்டிகளில் ஹீட்டர் கோர், அதாவது கேபின் காற்றைச் சூடாக்கும் சின்ன ரேடியேட்டர், டேஷ்போர்டுக்குள் புதைந்து கிடக்கும். கழற்றி மாட்டவே ஒரு நாள் போய்விடும். நானும் ஒருமுறை டேஷ்போர்டு மொத்தத்தையும் பிரித்துப் புதுக் கோர் போட்டேன். அப்புறமும் அதே வெதுவெதுப்பு. கடைசியில் பார்த்தால், ஹீட்டர் வால்வை இழுக்கும் கேபிள் கிளிப்பிலிருந்து நழுவியிருந்தது. வால்வு பாதிகூடத் திறக்கவில்லை. அன்றிலிருந்து ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் கையை வைத்துப் பார்ப்பது என் பழக்கம்.

இன்ஜினிலிருந்து கேபினுக்குள் இரண்டு ஹோஸ் போகும். ஒன்றில் சூடான கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) ஹீட்டர் கோருக்குப் போகிறது, இன்னொன்றில் திரும்பி வருகிறது. ஹீட்டரை முழுதாக வைத்து வண்டியை இருபது நிமிடம் ஓட்டுங்கள். இன்ஜினை நிறுத்தியதும் இரண்டையும் ஜாக்கிரதையாகத் தொட்டுப் பாருங்கள். இரண்டும் கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டால் கோருக்குச் சூடு வருகிறது, கோளாறு காற்றுப் பக்கம். ஒன்று சுட்டு மற்றது ஆறியிருந்தால் கூலண்ட் ஓடவில்லை: வால்வு திறக்காமல் இருக்கலாம், கோர் அடைத்திருக்கலாம், காற்று சிக்கியிருக்கலாம். இரண்டுமே வெதுவெதுப்பு என்றால் பெரும்பாலும் இன்ஜினே போதுமான சூட்டுக்கு வரவில்லை.

கேள்வி: எனக்கு இரண்டும் வெதுவெதுப்புதான் அண்ணே. மீட்டர் முள்ளும் பாதிக்குக் கீழேயே நிற்கிறது.

பதில்: தெர்மோஸ்டாட், அதாவது இன்ஜின் சூடாகும்வரை கூலண்டை ரேடியேட்டருக்கு விடாமல் மூடிவைக்கும் வால்வு, திறந்தபடியே சிக்கியிருக்கும். காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்துவிட்டு, ரேடியேட்டரின் மேல் ஹோஸைக் கவனியுங்கள். நல்ல தெர்மோஸ்டாட் என்றால் அந்த ஹோஸ் வெகுநேரம் ஆறியே இருந்து, பிறகு சட்டென்று சுட ஆரம்பிக்கும். தொடக்கத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறினால் அது மூடவில்லை.

சந்தேகமாக இருந்தால் கழற்றி, ஒரு பாத்திரத் தண்ணீரில் தெர்மாமீட்டரோடு போட்டுச் சூடாக்குங்கள். பெரும்பாலும் 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்கத் தொடங்கும். எத்தனை டிகிரி என்பது அதன் மேலேயே பொறித்திருக்கும். ஆறியதும் முழுதாக மூட வேண்டும், அதுதான் முக்கியம். மாட்டும்போது ஸ்பிரிங் பக்கம் இன்ஜினை நோக்கி இருக்கட்டும். விளிம்பில் ஆடும் சிறு பின் இருந்தால் அது மேலே வரவேண்டும், காற்று அதன் வழியாகத்தான் வெளியேறும். சில பெரிய இன்ஜின்களில் இரண்டு தெர்மோஸ்டாட் உண்டு. ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு என்னிடம் வராதீர்கள்.

கேள்வி: முன்பு இன்ஜின் அதிகம் சூடானதால் மெக்கானிக் தெர்மோஸ்டாட்டையே எடுத்துவிட்டார். அதுவும் காரணமா?

பதில்: அதுதான் காரணம். திரும்பப் போடுங்கள். குளிர்ந்தே ஓடும் டீசல் இன்ஜினுக்கு டீசலும் அதிகம் போகும், தேய்மானமும் அதிகம். முன்பு ஏன் சூடானது என்பதைத் தனியாகத் தேட வேண்டும்.

கேள்வி: ஓடும்போது நல்ல சூடு. நிறுத்திவிட்டு இன்ஜினை ஐடிலில் விட்டால் கால் மணி நேரத்தில் கேபின் ஜில்லென்று ஆகிவிடுகிறது.

பதில்: முதலில் கூலண்ட் அளவைப் பாருங்கள். குறைவாக இருந்தால் ஐடிலில் கோர் வரை சரியாக ஏறாது. தேய்ந்த வாட்டர் பம்பும் இதையே செய்யும்.

இரண்டும் சரி என்றால் இது டீசலின் சுபாவம். பெட்ரோல் இன்ஜினில் வேகத்துக்கு ஏற்பக் காற்றையும் குறைத்துத்தான் விடுவார்கள். டீசலில் அப்படி இல்லை: ஐடிலிலும் காற்று தாராளமாக உள்ளே போகிறது, எரிபொருள் மட்டும் துளியளவு. வீணாகும் சூடு குறைவு, ஹீட்டருக்குக் கிடைப்பதோ அந்த வீணாகும் சூடுதான். கடுங்குளிரில் ரேடியேட்டர் முன்னால் கவர் கட்டலாம். முழுதாக மூடாமல் நடுவில் கொஞ்சம் திறப்பு விடுங்கள். மலையேறும்போது மீட்டரில் ஒரு கண் இருக்கட்டும்.

கேள்வி: டேஷ்போர்டுக்குள் தண்ணீர் ஓடுவதுபோல் களகள சத்தம். சூடு வருகிறது, போகிறது.

பதில்: காற்று சிக்கியிருக்கிறது. இன்ஜின் நன்றாக ஆறியபின் வண்டியின் முன்பக்கம் மேட்டில் இருக்கும்படி நிறுத்தி, மூடியைத் திறந்து, ஹீட்டரை முழுதாக வைத்து ஐடிலில் விடுங்கள். குமிழி நிற்கும்வரை கூலண்ட் ஊற்றிக்கொண்டே வாருங்கள். சூடான ரேடியேட்டர் மூடியை மட்டும் ஒருபோதும் திறக்கக் கூடாது.

எவ்வளவு நேரமானாலும் குமிழி நிற்கவில்லையா? ஸ்டார்ட் செய்த சில நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக விறைக்கிறதா? அப்படியென்றால் ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) வழியாகப் புகை கூலண்டுக்குள் வருகிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ரேடியேட்டர் ஒழுகுகிறதென்று கசிவு அடைக்கும் பொடி போட்டேன். அன்றிலிருந்து ஹீட்டர் போச்சு.

பதில்: கசிவை அடைத்த பொடி கோரின் மெல்லிய குழாய்களையும் சேர்த்தே அடைத்துவிட்டது. இரண்டு ஹோஸையும் கழற்றி, கூலண்ட் திரும்பி வரும் பக்கத்திலிருந்து தண்ணீரை விட்டு எதிர்த்திசையில் கழுவுங்கள். தண்ணீர்க் குழாயை மெதுவாகத் திறக்க வேண்டும். வேகமாக அடித்தால் பழைய கோர் பிளந்துவிடும். வெளியே வரும் தண்ணீர் தெளியும்வரை திசையை மாற்றி மாற்றிக் கழுவலாம். பிறகு கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். எத்திலீன் கிளைக்கால் வகையில் இந்தக் கலவை ஏறக்குறைய மைனஸ் 37 டிகிரி வரை உறையாது.

கேள்வி: இரண்டு ஹோஸும் சுடுகின்றன, காற்று மட்டும் குளிர்.

பதில்: சூடான காற்றையும் குளிர்ந்த காற்றையும் பிரிக்கும் ஃபிளாப் உள்ளே திரும்பவில்லை. கேபிளைப் பாருங்கள். ஃபிளாப்பின் ஓரத்து ஸ்பஞ்சு வயதானால் பொடிந்துவிடும், காற்று கோரைச் சுற்றிக்கொண்டு வந்துவிடும். காற்றே பலவீனமாக வந்தால் கேபின் ஃபில்டரையும் கோரில் படிந்த சருகையும் பாருங்கள்.

கேள்வி: கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கான பனி, கேபினில் இனிப்பு வாசனை.

பதில்: கோர் ஒழுகுகிறது. இப்போது மாற்றத்தான் வேண்டும். அதுவரை இரண்டு ஹோஸையும் ஒன்றோடொன்று இணைத்து ஓட்டலாம், ஹீட்டர் இருக்காது. ஒழுகிய கூலண்டை உடனே துடைத்துவிடுங்கள். விஷம் அது, இனிப்பாக இருப்பதால் நாய், பூனை நக்கிவிடும்.

கேள்வி: சூடு வருகிறது, ஆனால் கால் மட்டும் உறைகிறது.

பதில்: பெடல், கியர் லீவர் துளைகளின் ரப்பர் பூட் கிழிந்திருக்கும், கதவு ரப்பரும் காய்ந்திருக்கும். மாற்றுங்கள். அந்தத் துளைகள் வழியாகக் குளிர் மட்டுமா வரும்? எக்ஸாஸ்ட் ஒழுகினால் புகையும் வரும். ஓட்டும்போது தலைவலியோ மயக்கமோ வந்தால் வண்டியை நிறுத்தி உடனே வெளியே இறங்குங்கள். எக்ஸாஸ்டைச் சரிசெய்யாமல் திரும்ப ஏறாதீர்கள்.