கீகேட்டில் நாலு பேர் சேர்ந்து ஒரே லைப்ரரியை எப்படி வைத்துக்கொள்வது?

சர்க்யூட் போர்டு வரையும் மென்பொருளான கீகேட்டில் (KiCad), பார்ட்டுகளின் படங்களை வைத்திருக்கும் லைப்ரரி ஆளுக்கொன்றாகக் கிடப்பதைப் பொதுவாக்க வழி கேட்டிருக்கிறீர்கள். காரைக்குடியில் நாங்கள் மூன்று பேர், பம்ப்செட் டைமர் போர்டு போடுகிறோம். பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

ஒருமுறை ஐம்பது போர்டு அடித்து வந்தது, ஒன்றில்கூட ரிலே இழுக்கவில்லை. நண்பர் 2என்3904 டிரான்சிஸ்டருக்காக வரைந்த சிம்பல் (சர்க்யூட் படத்தில் பார்ட்டைக் காட்டும் குறி) என் கைக்கு வந்தபோது அதன் பெயர் வெறும் 'என்பிஎன்' என்ற வகைப் பெயர்தான். நான் அதே வகையான பிசி547 சொருகினேன். இரண்டுக்கும் ஒரே உருவம். ஆனால் தட்டை முகம் நம்மைப் பார்க்க வைத்தால் 3904க்கு இடமிருந்து கால்கள் எமிட்டர், பேஸ், கலெக்டர். 547க்கு அப்படியே தலைகீழ். நல்லவேளை, பேஸ் நடுவில் இருந்ததால் ஐம்பதையும் கழற்றித் திருப்பிச் சால்டர் வைத்துத் தப்பித்தோம்.

அப்பத்தா வீட்டில் கரண்டி முதல் அண்டா வரை பெயரெழுத்து வெட்டியிருக்கும். பங்காளி வீட்டு விசேஷத்துக்குப் போன அண்டாவும் தவறாமல் வீடு வந்து சேரும். லைப்ரரிக்கும் அதுதான் முதல் வேலை. கீகேட்டோடு வரும் லைப்ரரியே பொதுவான டிரான்சிஸ்டர் சிம்பல்களின் பெயரில் இபிசி, சிபிஇ என்று கால் வரிசையைச் சேர்த்துத்தான் வைத்திருக்கிறது. நாங்கள் இன்னும் ஒருபடி மேலே போய், வாங்கும் பார்ட் நம்பரையே பெயராக்கி, ஃபுட்பிரிண்டையும் (போர்டில் பார்ட் உட்காரும் தடம்) டேட்டாஷீட்டையும் அதிலேயே கட்டிவிடுகிறோம்.

எல்லாம் ஒரே கிட் (Git) ரெப்போவில், அதாவது யார் எதை மாற்றினார் என்று பதிந்துவைக்கும் பொதுக் கிடங்கில். ஃபுட்பிரிண்டுகள் ஒவ்வொன்றும் தனி ஃபைல் என்பதால் சண்டை குறைவு. சிம்பல்கள் வழக்கமாக லைப்ரரிக்கு ஒரே ஃபைல். ஒரே நாளில் இருவர் கை வைத்தால் முட்டிக்கொள்ளும். அதனால் கனெக்டர், ரிலே, ஐசி என்று சிறு சிறு லைப்ரரிகளாகப் பிரித்துவிடுங்கள். லைப்ரரி இருக்கும் ஃபோல்டரின் பாதைக்கு ஒரு வேரியபிள் பெயரை நாலு கணினியிலும் ஒன்றாகவே வையுங்கள். யாராவது 'டி டிரைவ்' என்று நேராக எழுதினால் மற்றவர் கணினியில் திறக்காது. லைப்ரரியின் செல்லப்பெயர் சர்க்யூட் ஃபைலிலேயே பதிந்துவிடும், எனவே பிறகு மாற்றாதீர்கள். ஒரு சிம்பலைத் திருத்தினால் பழைய சர்க்யூட்டில் அது தானாக மாறாது, அங்கே போய் அப்டேட் கொடுக்க வேண்டும். இது நல்லதுதான், பழைய போர்டு நமக்குத் தெரியாமல் மாறிவிடாது.

கீகேட் 7ஆம் பதிப்பிலிருந்து, பார்ட் விவரங்களை டேட்டாபேஸிலிருந்து எடுக்கும் டேட்டாபேஸ் லைப்ரரி வசதியும் உண்டு. நாலு பேருக்கு அது வேண்டாத சுமை என்பேன்.

வரைந்தவரே சரிபார்க்கக் கூடாது. இன்னொருவர் ஃபுட்பிரிண்டை அசல் அளவில் காகிதத்தில் அச்சிட்டு, பார்ட்டை அதன்மேல் வைத்துப் பார்த்த பிறகுதான் ரெப்போவுக்குள் விடுவோம்.

அப்புறம், நாலு பேரின் பழைய லைப்ரரிகளையும் ஒன்றாகக் கொட்டிவிடாதீர்கள். காலியாக ஆரம்பித்து, அடுத்த போர்டுக்கு வேண்டியதை மட்டும் ஏற்றுங்கள். எங்களுக்கு எழுபது பார்ட் சேர ஆறு மாதம் ஆனது. பழைய ஃபோல்டர்களை அதற்குப் பிறகு யாரும் திறக்கவில்லை.