எலியும் ஆக்ஸிஜன் சேம்பரும் – ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

பெங்களூர்ல ஐடி சப்போர்ட் டீம்ல இருக்கேன், ரெண்டு வருஷமா நைட் ஷிஃப்ட். ஸ்ட்ரெஸ்னால டிப்ரஷன்னு சொல்லி ஏப்ரல்ல இருந்து எஸிடாலோப்ராம் 10 சாப்பிடறேன். இப்ப ஒரு வெல்னெஸ் சென்டர்ல, ஸ்ட்ரெஸ்ல குடல் பாக்டீரியா செத்துப்போறதுதான் டிப்ரஷனுக்கே காரணம், ஆக்ஸிஜன் சேம்பர்ல (காத்தழுத்தத்தைக் கூட்டி ஆக்ஸிஜன் ஏத்தற அறை) 20 சிட்டிங் படுத்தா நல்ல பாக்டீரியா திரும்ப வளரும், கூட ஒரு ப்ரோபயாட்டிக் பவுடர், மாத்திரையே தேவைப்படாதுன்னு சொல்றாங்க. எலியில நிரூபிச்ச ஆராய்ச்சியெல்லாம் காட்டினாங்க. சந்தோஷ ஹார்மோன் செரடோனின் 90 சதவீதம் வயித்துலதான் உருவாகுதாம். (இதுக்கப்புறம் மூணு பக்கத்துக்கு பாக்டீரியா. வெட்டிட்டேன்.) பழைய சோறு, தயிர் இதெல்லாம் உதவுமா? மத்தபடி சொல்ல ஒண்ணும் இல்ல. போன ஞாயித்துக்கிழமை பிரியாணி வாங்கிட்டு வந்தேன், பொட்டலத்தைப் பிரிக்கவே தோணல, மறுநாள் தூக்கிப் போட்டேன். மாத்திரையை நிறுத்திடலாமா அண்ணா?

எஸ்.

தம்பி எஸ்.,

மாத்திரையை நீயா நிறுத்தாத. திடீர்னு விட்டா தலை சுத்தும், குமட்டும், மண்டைக்குள்ள கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்கும், இருக்கிற தூக்கமும் போகும், அப்புறம் அதுக்கும் பாக்டீரியாதான் காரணம்னு சொல்லி இன்னொரு 20 சிட்டிங்குக்குப் பணம் கட்டச் சொல்வாங்க. குறைக்கணும்னா எழுதிக் கொடுத்த டாக்டர்தான் கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும்.

பழைய சோறு சாப்பிடு, தயிரும் சாப்பிடு, அதுக்கெல்லாம் எங்கிட்ட பர்மிஷன் வேண்டாம்.

நான் பதில் எழுத உட்கார்ந்ததே அந்த எலிக்காகத்தான், கொஞ்ச நாளாவே அது மண்டையில ஓடிக்கிட்டிருக்கு. எலிக்கு டிப்ரஷன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறாங்கன்னு கேட்டியா அவங்கள? கூண்டுல ரெண்டு பாட்டில் மாட்டுவாங்க, ஒண்ணுல வெறும் தண்ணி, ஒண்ணுல சர்க்கரை கரைச்ச தண்ணி, எலி சர்க்கரைக்குத்தான் போகும். அப்புறம் அதைப் படுத்த ஆரம்பிப்பாங்க. கூண்டைச் சாய்ச்சு வெக்கிறது, படுக்கிற மரத்தூளை நனைச்சு விடறது, தண்ணியை நிறுத்தறது, ராத்திரி பூரா லைட்டைப் போட்டு வெக்கிறது, எல்லாமே சின்னச் சின்னத் தொல்லைதான், ஆனா எப்ப எது வரும்னு தெரியாது. சில வாரத்துல அந்த எலிக்கு சர்க்கரைத் தண்ணி மேல இருந்த ஆசையே விட்டுப்போகும். 1987ல பிரிட்டன்ல உளவியல் ஆராய்ச்சியாளர் பால் வில்னரும் அவர்கூட இருந்தவங்களும் இதைச் செஞ்சு காட்டினாங்க, அதுக்கப்புறம் வந்த ஸ்ட்ரெஸ் எலி ஆராய்ச்சில நிறைய இந்த வழிதான். சரி, அந்த எலிகளை மறுபடி சர்க்கரைப் பாட்டிலுக்கு இழுத்துட்டு வந்தது எது தெரியுமா? டிப்ரஷன் மாத்திரை! மாத்திரைக்கு அசைஞ்சதாலதான் இந்த டெஸ்ட்டை நம்பவே ஆரம்பிச்சாங்க, இப்ப அதே எலியைக் காட்டி உன்னை மாத்திரையை விடச் சொல்றான்.

இன்னொண்ணு கவனி. ராத்திரி லைட் போட்டு வெக்கிறது அங்க ஒரு சித்திரவதை, அதுக்கு உனக்கு அலவன்ஸ் தர்றாங்க. பிரிக்காத பிரியாணிப் பொட்டலம் யாரோட பாட்டில்னு நான் சொல்லணுமா? மூணு பக்கம் பாக்டீரியாவுக்குக் கொடுத்துட்டு உனக்கு ரெண்டு வரி, அதுவும் "மத்தபடி சொல்ல ஒண்ணும் இல்ல"ன்னு. படிச்சப்ப கோவம்தான் வந்தது.

எங்க சித்தப்பா திருப்பூர்ல ஒரு சாயப்பட்டறையில சூப்பர்வைசரா இருந்தார். 2011 ஜனவரில ஹைகோர்ட் உத்தரவுல பட்டறைகளை மூடினாங்க இல்லையா, அதுல அவர் வேலையும் போச்சு. சாயத் தண்ணியால நொய்யல் ஆறு கெட்ட கெடுக்கு மூடினது சரின்னு அப்ப மேடையில பேசினவன் நான், இப்பவும் அதேதான் சொல்வேன், ஆனா சித்தப்பா கதை வேற. அவருக்கு வயிறுதான் முதல்ல போச்சு. எரியுது, உப்புசம், சாப்பிட்டா நெஞ்சுல நிக்குது. தலகாணிக்குப் பக்கத்துல எப்பவும் ஒரு டைஜீன் பாட்டில், அந்த ரோஸ் கலர் மூடியோரத்துல காஞ்சு ஒட்டியிருக்கும். எண்டோஸ்கோப்பி பண்ணினோம், சுத்தமா இருக்குன்னாங்க. கேஸ்னு ஒருத்தர், உஷ்ணம்னு ஒருத்தர், குடல்ல பூச்சின்னு ஒருத்தர், ஆளாளுக்கு ஒரு மருந்து. கண்டுபிடிச்சது சித்திதான். குழம்புல ஒரு கல்லு உப்பு குறைஞ்சாலும் தட்டைத் தள்ளிவிட்டுச் சத்தம் போடற மனுஷன் பேசாம சாப்பிட்டுட்டுப் போறாரேன்னு அவங்களுக்கு சந்தேகம் வந்துருக்கு. ஒருநாள் உப்பே போடாம குழம்பு வெச்சாங்க. சித்தப்பா பிசைஞ்சு சாப்பிட்டுட்டுக் கை கழுவப் போயிட்டார். மறுநாளும் அதே மாதிரி. மூணாம் நாள் காலைல சித்தி யாருகிட்டயும் கேக்காம அவரை ஜிஎச்ல மனநல ஓபிக்குக் கூட்டிட்டுப் போய் நின்னாங்க, ஏழாவது படிச்ச பொம்பள, வில்னர் யாரு எவர்னு தெரியாது. மாத்திரை வேலை செய்ய ஒன்றரை மாசம் ஆச்சு. அப்புறம் ஒரு நூல் குடோன்ல கணக்கு எழுதப் போனார், சம்பளம் பாதிதான். வயித்துக் கோளாறு முழுசா போகல, குறைஞ்சது. குழம்பைப் பத்தின சண்டை மட்டும் பழையபடி ஆரம்பிச்சிடுச்சு, சித்தி அதை எங்கிட்ட கம்ப்ளெயின்ட் மாதிரி சொல்லிச் சிரிப்பாங்க.

அதனால வயித்துக்கும் மனசுக்கும் சம்பந்தம் இல்லன்னு நான் சொல்லமாட்டேன். 2004லயே ஜப்பான்ல கியூஷு பல்கலைக்கழகத்துல, கிருமியே இல்லாம வளர்த்த சுண்டெலிகளுக்கு ஸ்ட்ரெஸ் வந்தா ஸ்ட்ரெஸ் ஹார்மோன் ரொம்ப எகிறுதுன்னு பார்த்தாங்க. 2011ல அயர்லாந்துல கார்க் பல்கலைக்கழக ஆளுங்க லாக்டோபேசில்லஸ் வகை பாக்டீரியா ஒண்ணைக் கொடுத்ததும் சுண்டெலியோட பதட்டம் குறைஞ்சது, குடலையும் மூளையையும் இணைக்கிற வேகஸ் நரம்பை வெட்டினா அந்தப் பலன் காணாமப்போச்சு. அருமையான வேலை. அதே பாக்டீரியாவை அதே கார்க்ல 29 ஆரோக்கியமான ஆம்பளைங்களுக்குக் கொடுத்துப் பார்த்து 2017ல ரிசல்ட் போட்டாங்க, வெறும் டம்மி மாத்திரையை விட ஒண்ணும் பெருசா இல்ல. இதை உன் சென்டர்ல காட்டியிருக்கமாட்டாங்க. செரடோனின் 90 சதவீதம் வயித்துலங்கிறது நிஜம், ஆனா அது ரத்தத்துல இருந்து மூளைக்குள்ள போகாது, மேட்டூர் நிரம்பினா உன் பெங்களூர் ஃப்ளாட் குழாயில தண்ணி வந்துடுமா?

இப்ப ஆக்ஸிஜன். இதைக் கொஞ்சம் இழுத்துச் சொல்றேன், பொறுத்துக்கோ. பெருங்குடல்ல இருக்கிற நல்ல பாக்டீரியா பெரும்பாலும் ஆக்ஸிஜன் ஆகாத ஜாதி. ஃபீகாலிபாக்டீரியம்னு ஒண்ணு, நல்லவங்க லிஸ்ட்ல எப்பவும் முதல் வரிசை, காத்துல வெச்சா சில நிமிஷத்துல செத்துடும். இதுங்க நார்ச்சத்தைப் புளிக்கவெச்சு ப்யூட்டிரேட்னு ஒரு கொழுப்பு அமிலம் தயாரிக்குது, குடல் சுவர் செல் அதை எரிக்கிறப்ப ஆக்ஸிஜனையும் இழுத்துக்குது, அதனாலதான் உள்ள இருக்கிறதுங்க பொழைக்குது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துல 2014ல சுண்டெலிகளை அழுத்த ஆக்ஸிஜன்ல வெச்சுப் பார்த்தாங்க, குடல்ல ஆக்ஸிஜன் ஏறிச்சு, பாக்டீரியாக் கூட்டமே மாறிச்சு. மாறும், சந்தேகமே இல்ல. நல்லதா மாறும்னு எவன் சொன்னான்?

1928ல அமெரிக்காவுல க்ளீவ்லேண்ட்ல கன்னிங்ஹாம்னு ஒரு டாக்டர் 64 அடி விட்டத்துக்கு இரும்பு உருண்டை ஒண்ணு கட்டினார். அஞ்சு மாடி, உள்ள ரூம் ரூமா நோயாளிங்க, மொத்தமும் அழுத்தக் காத்து. பேரிங் கம்பெனி முதலாளி டிம்கென் பணம் போட்டார், பத்து லட்சம் டாலர். கன்னிங்ஹாம் சொன்ன காரணம் என்ன தெரியுமா? சர்க்கரை நோய், சிஃபிலிஸ், கேன்சர் எல்லாத்துக்கும் ஆக்ஸிஜன் ஆகாத பாக்டீரியாதான் காரணம், காத்தை அழுத்திக் கொடுத்தா அதுங்க சாகும்! ஆதாரம் கொடுன்னு அமெரிக்க மருத்துவ சங்கம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு. கடைசில ரெண்டாம் உலகப் போர்ல அந்த உருண்டையை உடைச்சு இரும்புக்குப் போட்டாங்க. அவர் அந்த பாக்டீரியாவைக் கொல்ல டாங்க்குக்குள்ள படுக்கச் சொன்னார், உன் ஆளு அதை வளர்க்கப் படுக்கச் சொல்றான்.

சேம்பரே மோசடின்னு எழுதிட்டேன்னு சண்டைக்கு வராதீங்க யாரும். ஆழ்கடல்ல டைவ் அடிச்சு வேகமா மேல வந்ததுல ரத்தத்துல காத்துக்குமிழி கட்டினவங்களுக்கு, கார்பன் மோனாக்ஸைடு விஷத்துக்கு, ஆறாத சர்க்கரைப் புண்ணுக்கு அது நிஜமான வைத்தியம், ரெண்டு மூணு மடங்கு காத்தழுத்தத்துல, டாக்டர் பக்கத்துல நிக்க. இஸ்ரேல்ல 2022ல லாங் கோவிட்காரங்க 73 பேர்ல செஞ்ச ஆராய்ச்சில மனநிலையும் கொஞ்சம் தேறினதாச் சொல்றாங்க, இன்னும் பெரிய ஆராய்ச்சி வரட்டும், வந்தா நானே எழுதறேன். நீ அனுப்பின போட்டோவுல இருக்கிறது ஜிப் வெச்ச பை. அதுல அழுத்தம் பெரும்பாலும் 1.3 மடங்குதான் ஏறும், காதடைப்பு மட்டும் ஒழுங்கா வரும்.

ஏப்ரல்ல இருந்து சாப்பிட்டும் பிரியாணி பிரிக்கத் தோணலன்னா, அந்த டோஸ் போதலையா, மருந்து ஒத்துக்கலையா, கூட கவுன்சலிங் வேணுமா, இதைத்தான் கேக்கணும், டாக்டரைத்தான் கேக்கணும். நைட் ஷிஃப்டைச் சொல்லு, பகல் ஷிஃப்டுக்கு மாத்தச் சொல்லி லெட்டர் வாங்கு, ஹெச்ஆர் முகம் சுளிச்சா சுளிக்கட்டும். நேராவே கேக்கறேன், சாகலாம்னு தோணுதா? தோணினா டாக்டர் அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காத, அரசாங்க மனநல உதவி லைன் டெலி மானஸ் 14416, எந்நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். கூட யாரையாவது வெச்சுக்கோ, தனியா இருக்காத.

சென்டர்ல அட்வான்ஸ் கட்டியிருந்தா திருப்பிக் கேளு. டாக்டரைப் பார்த்துட்டு அடுத்த வாரம் எழுது, உன்னைப் பத்தி எழுது, பாக்டீரியா பத்தி ஒரு வரி இருந்தாலும் படிக்கமாட்டேன்.