கல்ச்சர் ரிப்போர்ட்டில் ‘சென்சிட்டிவ்’ என்று வந்தும் கிருமி மருந்துக்குக் கேட்காதது ஏன்?

அப்பாவுக்குச் சிறுநீர்க் கதீட்டர் (சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீரை வெளியேற்றும் குழாய்) வைத்திருக்கிறது. சிறுநீரிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்த்த கல்ச்சர் ரிப்போர்ட்டில் ‘சென்சிட்டிவ்’, அதாவது கிருமி இதற்குக் கட்டுப்படும் என்று சொன்ன ஆன்டிபயாடிக்கைக் கொடுத்ததும் காய்ச்சல் விட்டது. நிறுத்திய கொஞ்ச நாளில் அதே கிருமி, அதே காய்ச்சல். டாக்டர் ‘பயோஃபிலிம்’ (கிருமிகள் ஒட்டிக்கொண்டு பசை சுரந்து அமைக்கும் படலம்) என்கிறார், அப்படியானால் லேப் ரிப்போர்ட் தப்பா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தப்பில்லை. நானும் நுண்ணுயிரியல் லேபில் வேலை பார்ப்பவன்தான் என்றாலும், எங்கள் ஆட்களுக்குப் பரிந்துகொண்டு இதைச் சொல்லவில்லை. சிறுநீரில் மிதந்து வந்த கிருமியை வளர்த்துத்தான் மருந்தைச் சோதிக்கிறோம். குழாயின் சுவரில் ஒட்டிக்கொண்டு குடியிருக்கும் கிருமியை வழக்கமான சோதனை தொடுவதே இல்லை. இரண்டுக்கும் மரபணு ஒன்றுதான். வாழும் விதம்தான் வேறு.

குழாய் உள்ளே போன சிறிது நேரத்திலேயே உடம்பின் புரதங்கள் அதன்மேல் படிந்துவிடும். கிருமிகளுக்கு அது நல்ல பிடிமானம். முதலில் ஒட்டுவதும் விடுவதுமாக இருக்கும். நிலைத்து ஒட்டியவை நீந்துவதை நிறுத்திவிட்டுப் பசையைச் சுரக்கத் தொடங்கும். ஈ.கோலை, சூடோமோனாஸ் போன்றவற்றில் இந்த மாற்றத்தைத் தூண்டுவது சைக்ளிக் டை-ஜிஎம்பி என்ற சின்ன மூலக்கூறு. கூட்டம் பெருகியதும் ஒன்றுக்கொன்று ரசாயன சமிக்ஞைகளையும் அனுப்பிக்கொள்ளும்.

நன்கு வளர்ந்த படலத்தின் உலர் எடையில் கிருமிகளின் பங்கு பெரும்பாலும் 10 சதவீதத்துக்கும் குறைவு. மீதியெல்லாம் சர்க்கரைச் சங்கிலிகள், புரதங்கள், செத்த கிருமிகளிலிருந்து கசிந்த டிஎன்ஏ எல்லாம் கலந்த பசை. இந்த டிஎன்ஏ வெறும் குப்பையல்ல, பசைக்கு வலுவே அதுதான் என்று 2002இல் தெரியவந்தது. டிஎன்ஏவை வெட்டும் நொதியைச் சேர்த்ததும் இளம் சூடோமோனாஸ் படலம் கரைந்துபோனது. முதிர்ந்த படலமோ அதற்குப் பெரிதாக அசையவில்லை. நாள் ஆக ஆகச் சிக்கல் கூடுவது இங்கேயே தெரிகிறது.

மருந்து பசைக்குள் நுழைய முடியாததால்தான் வேலை செய்வதில்லை என்று பலரும் எழுதுகிறார்கள். அது பாதி உண்மை. ஜென்டாமைசின் வகை மருந்துகள் பசையில் ஒட்டிக்கொண்டு தாமதமாவது உண்டு. ஆனால் சிப்ரோஃப்ளாக்சசின் போன்றவை உள்ளே போய்விடுகின்றன, போயும் முழுதாகக் கொல்வதில்லை. காரணம், அடியடுக்கில் ஆக்சிஜனும் உணவும் போதாமல் கிருமிகள் வளராமலே கிடக்கின்றன. செல்சுவர் கட்டும்போது அடிப்பதுதான் பெனிசிலின் வகை மருந்துகளின் வழி. கட்டுமானமே நின்றுபோன இடத்தில் அவை எதை உடைக்கும்?

1944இல் ஜோசப் பிகர் என்ற டப்ளின் மருத்துவர், பெனிசிலினுக்குத் தப்பிய சொற்ப ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமிகளை எடுத்து மறுபடி வளர்த்துப் பார்த்தார். அவற்றின் வாரிசுகள் அதே பெனிசிலினுக்குச் செத்தன. தப்பியவை எதிர்ப்புச் சக்தி பெறவில்லை, தூங்கிக்கொண்டிருந்தன, அவ்வளவே. உங்கள் கேள்விக்கு நேரான பதில் இதுதான். மருந்து நின்றதும் தூங்கியவை விழித்துப் பெருகுகின்றன. அதனால்தான் இரண்டாவது ரிப்போர்ட்டும் ‘சென்சிட்டிவ்’ என்றே வருகிறது. (மருந்தை அடிக்கடி மாற்றிக் கொடுத்தால் உண்மையான எதிர்ப்பும் சேர்ந்துகொள்ளலாம். அது வேறு தலைவலி.)

வெள்ளை அணுக்களாலும் இந்தக் கூட்டத்தை விழுங்க முடிவதில்லை. அவை கொட்டும் நொதிகள் சுற்றியுள்ள நம் திசுவையே அரிக்கும். அவ்வப்போது கிருமிகள் படலத்திலிருந்து கழன்று சிறுநீரிலோ ரத்தத்திலோ கலக்கும்போது காய்ச்சல் வருகிறது. கதீட்டரில் புரோட்டியஸ் இனம் குடியேறினால் கூடுதல் தொல்லை: யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்கி, சிறுநீரின் காரத்தன்மையை ஏற்றி, உப்புப் படிகங்களால் குழாயையே அடைத்துவிடும்.

செயற்கை மூட்டில் படலம் வந்தால் அறுவை சிகிச்சை வரை போகும். கதீட்டரில் அந்த அளவு கஷ்டமில்லை, குழாயை மாற்றலாம். இதைவிட்டுவிட்டு அடுத்தடுத்து வீரியமான மருந்துக்குத் தாவுவதில் எனக்கு உடன்பாடில்லை. காய்ச்சல் வரும்போது குழாய் வைத்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருந்து, குழாய் இன்னும் தேவைப்பட்டால், பழையதை எடுத்துப் புதியதைப் போட்டு, அதிலிருந்து சாம்பிள் எடுத்து, பிறகு மருந்தைத் தொடங்குவதுதான் முறை. பழைய குழாயிலோ, வெளியே சிறுநீர் சேரும் பையிலோ பிடித்த சிறுநீரில் வளர்வது பெரும்பாலும் குழாயின் கிருமிதான். சிறுநீர்ப்பையில் இருப்பதை அது சரியாகக் காட்டாது. அந்த வெளிப்பையிலிருந்து எடுத்த சாம்பிள்கள் இன்னும் எங்கள் லேபுக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன!

இன்னொன்று. கதீட்டர் இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம். ஒரு மாதத்தில் ஏறக்குறைய எல்லோருக்கும் கல்ச்சரில் ஏதாவது வளரும். காய்ச்சலோ வேறு தொந்தரவோ இல்லாதபோது அதற்கு மருந்து பொதுவாகத் தேவையில்லை. அப்பாவுக்குக் குழாய் இன்னும் அவசியமா, கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று அடுத்தமுறை டாக்டரிடம் கேளுங்கள்.