வேலையைக் காட்டுகிற படங்கள்

வணக்கம் ஐயா,

ஹட்டனில் எங்கள் வாசிகசாலை மண்டபத்தில் மாதம் ஒரு படம் போடுகிறோம். வருபவர்களில் பாதிப்பேர் உயர்தரம் படிக்கும் பிள்ளைகள். போன மாதம் 1960இல் வந்த ‘ஓஷன்ஸ் இலெவன்’ போட்டோம். "பழைய படம், இழுக்குது" என்று பாதியிலேயே பலர் எழுந்து போய்விட்டார்கள். அறுபதுகளின் கொள்ளைப் படங்களில் இவர்களை உட்கார வைக்கக்கூடியவை எவை? இந்தப் படங்களில் கடைசியில் பணம் ஏன் கையில் தங்குவதே இல்லை?

— ஒரு வாசகர், ஹட்டன்

அன்புள்ள நண்பருக்கு,

பிள்ளைகள் சொன்னது சரி. ஆனால் பழமை காரணமில்லை. அந்தப் படத்தில் ஆள் சேர்ப்பதிலேயே பெரும்பகுதி போய்விடுகிறது. லாஸ் வேகாஸில் ஐந்து சூதாட்ட விடுதிகளை ஒரே இரவில் கொள்ளையடிக்கும் வேலையோ சட்டென்று முடிந்துவிடுகிறது. கொள்ளைப் படத்துக்கு உயிரே அந்த வேலைதான். கையில் என்ன கருவி, எவ்வளவு நேரம் இருக்கிறது, எது சத்தம் போடும் என்பது பார்ப்பவருக்குத் தெரிந்துவிட்டால், வசனமே இல்லாவிட்டாலும் யாரும் எழுந்து போகமாட்டார்கள்.

அடுத்து ழாக் பெக்கரின் ‘லெ த்ரூ’ (1960) போடுங்கள். சிறை உடைக்கும் கதைதான், ஆனாலும் கொள்ளைப் படம் கற்க இதைவிட நல்ல பாடம் இல்லை. 1947இல் பாரிஸின் லா சாந்தே சிறையில் நடந்த தப்பியோடும் முயற்சி இது. அதில் ஈடுபட்டவர்களில் ஒருவரான ழான் கெரொதியே படத்தில் நடித்திருக்கிறார். பல் துலக்கும் பிரஷ்ஷில் கண்ணாடித் துண்டொன்றைக் கட்டி, கதவின் பார்வைத் துளை வழியே நீட்டி, காவலர் வருகிறாரா என்று பார்க்கிறார்கள். நேரம் தெரிய இரண்டு சிறு போத்தல்களையும் மணலையும் வைத்து மணற்கடிகாரம் செய்கிறார்கள். தரைப் பலகையைப் பெயர்த்துவிட்டு இரும்புத் துண்டால் கொங்கிரீட்டை இடிக்கும் இடத்தைப் பிள்ளைகளைக் கவனிக்கச் சொல்லுங்கள். நிமிடக் கணக்கில் வெட்டே இல்லை. ஆள் மாறி ஆள் இடிக்கிறார்கள், முதலில் தூள் பறக்கிறது, பிறகு கல் பெயர்கிறது. உண்மையான தரையை உண்மையாகவே உடைக்கிறார்கள் என்பது கண்ணுக்குத் தெரிகிறது. பின்னணி இசையும் இல்லை, அதனால் ஒவ்வொரு அடியும் நம் நெஞ்சில் விழுகிறது.

இங்கேதான் உங்கள் மண்டபத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். தகரக் கூரையென்றால் மே முதல் செப்டெம்பர் வரையான மழையில் இந்தப் படத்தைப் போடாதீர்கள். மெல்லிய சத்தங்களெல்லாம் கூரையிலேயே கரைந்துபோகும், பிறகு அது வெறும் ஊமைப்படம். ஜனவரி, பெப்ரவரி பொருத்தம். மடிக்கணினியின் ஸ்பீக்கரை நம்பாமல், திரைக்கு இரு பக்கமும் உட்கார்ந்திருப்பவர்களின் காது உயரத்தில் இரண்டு ஸ்பீக்கர்கள் வையுங்கள். துணியின் கீழ் விளிம்பு தரையிலிருந்து நாலடியாவது மேலே இருக்கட்டும். இல்லாவிட்டால் முன்வரிசைத் தலைகள் துணைத்தலைப்பை மறைத்துவிடும்.

மழை மாதத்துக்கு ஜூல்ஸ் டஸ்ஸானின் ‘டொப்காபி’ (1964) இருக்கிறது. வண்ணப்படம், சிரிப்பும் பேச்சும் நிறைய. இஸ்தான்புல் அரண்மனை அருங்காட்சியகத்தில் மரகதம் பதித்த குறுவாளைத் திருடவேண்டும். தரையில் கால் பட்டால் அலாரம் அடிக்கும், ஆகவே கூரையிலிருந்து கயிற்றில் இறங்குகிறார்கள். கயிற்றைப் பிடிக்கவேண்டிய பலசாலியின் கைகள் நசுங்கிவிட, உயரமென்றாலே நடுங்கும் ஒருவர் அந்த இடத்துக்கு வருகிறார். அந்த வேடத்துக்காக பீட்டர் உஸ்தினோவுக்கு ஒஸ்கார் கிடைத்தது. மழை பெய்தாலும் இந்தப் படம் தாங்கும்.

பிறகு பீட்டர் யேட்ஸின் ‘ரொபரி’ (1967). 1963 ஓகஸ்ட் 8 அன்று இங்கிலாந்தில் நடந்த தபால் ரயில் கொள்ளையிலிருந்து பிறந்த படம். உங்கள் ஊர்ப் பிள்ளைகள் கைகாட்டி சிக்னலைப் பார்த்து வளர்ந்தவர்கள். அங்கே இருந்தது விளக்கு சிக்னல் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பச்சை விளக்கைக் கையுறையால் மூடி, சிவப்பை பற்றரியில் எரியவைத்து ரயிலை நிறுத்தினார்கள். அதன் பிறகுதான் சிக்கல். எஞ்சினை ஓட்ட அவர்கள் கூட்டிவந்த ஆளால் அதை நகர்த்த முடியவில்லை. தாக்கப்பட்டுக் காயமடைந்த சாரதியையே மிரட்டி ஓட்ட வைத்தார்கள். போனது சுமார் 26 இலட்சம் பவுண்.

பணம் தங்காததற்கு ஒரு காரணம் எழுத்திலேயே இருந்தது. 1934 முதல் 1968 வரை ஹொலிவுட்டில் கண்டிப்பான தணிக்கை விதி ஒன்று இருந்தது. குற்றம் வெல்லக்கூடாது, பெட்டகம் உடைக்கும் முறையை விவரமாகக் காட்டவும் கூடாது. ‘ஓஷன்ஸ் இலெவ’னில் பணம் சவப்பெட்டியோடு எரிந்துபோவது அந்தக் காலத்து முடிவு. அறுபதுகளின் கடைசியில் விதி தளர்ந்தது. ‘தொமஸ் கிரவுன் அஃபெயர்’ (1968) நாயகன் பிடிபடாமல் பறந்தே போய்விடுகிறான்.

ஆனால் அந்த விதிக்குக் கட்டுப்படாத பிரெஞ்சுக்காரர்களும் பணத்தைப் பறிகொடுக்கிறார்கள். ஹென்றி வெர்னொயின் ‘மெலொதி ஓன் சூ-சோல்’ (1963) படத்தில் அலன் டெலோன் பணப்பைகளோடு நீச்சல்குளத்தருகே உட்கார்ந்திருக்கிறார். பக்கத்திலேயே பொலிஸாரிடம் பையின் அடையாளம் சொல்லப்படுகிறது. அவர் பைகளை மெதுவாகத் தண்ணீருக்குள் இறக்கிவிடுகிறார். பை திறந்துகொள்ள, நோட்டுகள் ஒவ்வொன்றாக மேலே வந்து குளம் முழுக்கப் பரவுகின்றன. அந்த நிலையில் அவரால் வேறெதுவும் செய்திருக்க முடியாது. எனக்கு அந்த முடிவு சவப்பெட்டி முடிவைவிடப் பல மடங்கு உயர்ந்தது. சவப்பெட்டியோடு எரிந்தது வெறும் தற்செயல், குளத்தில் நடந்தது அவர் கையே செய்த வேலை.

கடைசியாக ஒன்று: ‘லெ த்ரூ’ வெவ்வேறு நீளங்களில் வெளியானது. தனியாக எடுத்த துணைத்தலைப்புக் கோப்பு உங்கள் பிரதியோடு பொருந்துகிறதா என்று தொடக்கத்தில் மட்டும் பார்க்காமல் நடுவிலும் கடைசிப் பத்து நிமிடத்திலும் ஓட்டிப் பாருங்கள்.

அன்புடன்.