கட்டுரையை நோட்டுகளிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் 14 ஆண்டுகளாக ஆசிரியையாக இருக்கிறேன். கடன் வாங்கிக் கழித்தலில் பிள்ளைகள் செய்யும் தவறுகளைச் சரிசெய்ய ஒரு வழி கைவந்திருக்கிறது. கல்வி இதழுக்கு எழுதுங்கள் என்கிறார்கள் சக ஆசிரியர்கள். உட்கார்ந்தால் இரண்டு வரிக்கு மேல் நகரவில்லை. ஆராய்ச்சிப் பட்டம் இல்லாத நான் எழுதலாமா?

பதில்: தாராளமாக எழுதலாம். இதழாசிரியர்களுக்கு வேண்டியது வகுப்பறைக்குள் நிற்பவருக்கு மட்டுமே தெரிந்த விவரம். அது உங்களிடம் இருக்கிறது. பேனா நகராததற்குக் காரணம் பெரும்பாலும் முன்னுரையிலிருந்து தொடங்குவதுதான். ‘கல்வி என்பது’ என்று ஆரம்பித்தால் அடுத்த வரிக்குள் சரக்கு தீர்ந்துவிடும்.

முதலில் பிள்ளைகளின் நோட்டுகளை மேசையில் பரப்புங்கள். வகுப்பில் எல்லோரும் போட்ட ஒரே கணக்காக இருக்கட்டும்: 402 − 178. சரியான விடை 224. சிலர் 376 எழுதியிருப்பார்கள். மேல் எண், கீழ் எண் என்று பார்க்காமல், ஒவ்வொரு இடத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தவர்கள் இவர்கள். சிலர் 134 எழுதியிருப்பார்கள். பத்துகள் இடத்தில் பூஜ்யம் இருப்பதால் ஒன்றுக்கும் நூறிடமே கடன், பத்துக்கும் நூறிடமே கடன். 4 என்பது 2 ஆகிவிட்டது. ஒரு நூறைப் பிரித்தால் பத்துப் பத்துகள் கிடைக்கும் என்பது இவர்களுக்குப் பிடிபடவில்லை. முதல் தவறுக்கும் இரண்டாவதற்கும் மருந்து வேறு வேறு. இப்படித் தவறுகளை வகை பிரித்து, ஒவ்வொன்றின் கீழும் பிள்ளை எப்படி யோசித்திருப்பாள் என்று நாலு வரி எழுதினாலே கட்டுரையின் நடுப்பகுதி தயார். ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற ஆராய்ச்சியாளர்கள் இருவரும் 1978இல் இதே மாதிரிக் கழித்தல் தவறுகளை ஆராய்ந்து, அவற்றில் பல கவனக்குறைவால் வருவதில்லை, ஒரு தப்பான முறையை ஒழுங்காகப் பின்பற்றுவதால் வருகின்றன என்று காட்டினார்கள். அதை ஒரே வரியில் குறிப்பிட்டால் போதும். மேற்கோள்களை அடுக்க வேண்டாம்.

அடுத்த இடறல் மொழி. பாடக்குறிப்பும் சுற்றறிக்கைக்குப் பதிலும் எழுதிப் பழகிய கை, ‘மாணவர்களின் கற்றல் அடைவு கணிசமாக மேம்பட்டது’ என்று தானாக எழுதிவிடும். படிக்கிற ஆசிரியருக்கு அதில் எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை. ‘முதல் நாள் 28 பேரில் 11 பேர் 376 எழுதினார்கள். நூறு குச்சிக் கட்டை அவிழ்த்துப் பத்துச் சிறு கட்டுகளாக்கி, அதில் ஒன்றை அவிழ்த்துத் தனிக் குச்சிகளாக்கிப் பார்த்தபின், நான்காம் நாள் 3 பேர்’ என்பது போல உங்கள் வகுப்பின் கணக்கைப் போடுங்கள். அந்த 3 பேருக்கு ஏன் பலிக்கவில்லை என்பதையும் எழுதுங்கள். எல்லோருக்கும் பலித்தது என்றால் பழுத்த ஆசிரியர் எவரும் நம்பமாட்டார். பிள்ளைகள் சொல்வதை அன்றன்றே குறித்துவையுங்கள். ‘டீச்சர், ஜீரோகிட்ட எதுவுமே இல்லையே, எப்படிக் கடன் கேக்கறது?’ என்ற ஒரு கேள்வி உங்களுக்கு அரைப் பக்க விளக்கத்தை மிச்சப்படுத்தும்.

கோடை விடுமுறைக்காகக் காத்திருக்காதீர்கள். வாரத்துக்கு மூன்று நாள், ஒரு பாடவேளை அளவு, 40 நிமிடம் போதும். முதல் வாரம் தவறுகளின் வகை, இரண்டாம் வாரம் நீங்கள் செய்தது, மூன்றாம் வாரம் விளைவு. முன்னுரை கடைசியில், 100 சொல்லுக்குள். இரண்டு நாள் ஆறப்போட்டு, பக்கத்து வகுப்பு ஆசிரியருக்கு வாசித்துக் காட்டுங்கள். ‘நல்லா இருக்கா?’ என்று கேட்டால் ‘நல்லா இருக்கு டீச்சர்’ என்றுதான் பதில் வரும். ‘நாளைக்கு உங்க கிளாஸ்ல இதைச் செய்யணும்னா இன்னும் என்ன தெரியணும்?’ என்று கேளுங்கள். அவர் கேட்கும் ஒவ்வொரு சந்தேகமும் நீங்கள் எழுதாமல் விட்ட பத்தி.

தமிழில் என்றால் பள்ளிக் கல்வித் துறையின் ‘கனவு ஆசிரியர்’ இருக்கிறது. ஆங்கிலத்தில் ஹைதராபாத்திலிருந்து வரும் ‘டீச்சர் பிளஸ்’, பள்ளிக் கணிதத்துக்கென்றே அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் கொண்டுவரும் ‘அட் ரைட் ஆங்கிள்ஸ்’. எதற்கு அனுப்பினாலும் அதன் கடைசி மூன்று இதழ்களைப் படித்து, கட்டுரைகளின் நீளத்தை எண்ணிப் பாருங்கள். ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பக் கூடாது.

‘இரண்டே நாளில் ஏற்பு, சான்றிதழ் உண்டு, கட்டணம் இவ்வளவு’ என்று வாட்ஸ்அப்பில் வரும் அழைப்புகளை ஒதுக்குங்கள். ஐஎஸ்எஸ்என் என்பது தொடர் வெளியீட்டை அடையாளம் காட்டும் 8 இலக்க எண், தரச்சான்று ஆகாது. ‘யுஜிசி கேர் பட்டியலில் உள்ளது’ என்று இன்னமும் விளம்பரம் செய்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை. தரமான ஆய்விதழ்கள் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) வைத்திருந்த அந்தப் பட்டியலை, அதுவே 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது.

பிள்ளைகளின் பெயரை மாற்றுங்கள். முகம் தெரியும் படம் வேண்டாம். நோட்டுப் பக்கத்தை மட்டும், பெயரை மறைத்து எடுங்கள். அரசு ஊழியர் நடத்தை விதிகள் உங்களுக்கும் பொருந்தும் என்பதால், அனுப்புமுன் தலைமையாசிரியருக்கு எழுத்தில் தெரிவித்து நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

திருத்தம் கேட்டு மடல் வந்தால் மனம் தளராதீர்கள். கட்டுரை வேண்டும் என்பதால்தான் கேட்கிறார்கள். அவர்களுடைய ஒவ்வொரு குறிப்புக்கும் எண் போட்டு, கீழே எந்தப் பக்கத்தில் என்ன மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். உடன்பாடில்லாத இடத்தில் காரணத்தை இரண்டு வரியில் சொல்லுங்கள். இன்னும் இரண்டு நோட்டுப் பக்கங்கள் அனுப்ப முடியுமா என்றுகூடக் கேட்கலாம். அதனால், கட்டுரை அச்சில் வரும்வரை அந்த நோட்டுகள் பழைய பேப்பர் கடைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.