யாரை ஜெயித்தீர்கள்?

கேள்வி: அண்ணே, அமெரிக்கக் கல்லூரிக் காற்பந்தை விடாமல் பார்ப்பவன் நான். சாம்பியனைத் தீர்மானிக்கும் 2025 பிளேஆஃபில் துலேன், ஜேம்ஸ் மேடிசன் என்று சின்ன லீக் அணிகள் இரண்டு நுழைந்து, முதல் ஆட்டத்திலேயே அடிவாங்கின. பெரிய அணியான நோட்ரே டேம் வெளியே நின்றது. இது நியாயமா?
– கல்லூரி மாணவர், சுங்கை சிப்புட்

பதில்: தம்பி, காலால் உதைப்பதே குறைவான அந்த ஆட்டத்துக்கு எப்படித்தான் காற்பந்து என்று பெயர் வைத்தார்களோ! சரி, விஷயத்துக்கு வருவோம்.

நானும் உங்கள் ஊர்ப் பக்கம்தான். எண்பதுகளில் தோட்டத்து அணிக்கு லெஃப்ட் விங். கித்தா மரங்களுக்கு நடுவே எங்கள் திடல். ஒரு கோல் மேட்டில், இன்னொன்று பள்ளத்தில். டவுன் அணிகளை ஆடக் கூப்பிடுவோம். "அந்தத் திடல்ல ஆடினா எங்க பையன்களுக்குக் கால் போயிடும்" என்பார்கள். அப்புறம் மாவட்டத் தேர்வுக்கு லாரியில் போய் இறங்கினால், தேர்வாளர் கேட்ட முதல் கேள்வி: "யாரை ஜெயிச்சிருக்கீங்க?" பக்கத்துத் தோட்டங்களின் பெயரைச் சொன்னோம். சிரித்தார்.

அங்கேயும் இதே கதைதான். 130-க்கு மேல் அணிகள், ஆளுக்கு 12 ஆட்டம். எல்லாரும் எல்லாரோடும் மோத முடியாது. ஆகவே ஒரு குழு உட்கார்ந்து வரிசை போடுகிறது. 2017-இல் யூசிஎஃப் என்ற சின்ன லீக் அணி ஓர் ஆட்டம்கூடத் தோற்கவில்லை. குழு கொடுத்த இடம் 12. பிளேஆஃபில் அப்போது நான்கு அணிகளுக்குத்தான் இடம். பிறகு சீசன் முடிவில் நடக்கும் பீச் பௌல் ஆட்டத்தில் அவர்கள் ஆபர்னை 34-27 என்று வீழ்த்தினார்கள். அந்த ஆபர்ன் யார்? அதே சீசனில் அலபாமாவையும் ஜார்ஜியாவையும் தோற்கடித்த அணி. இறுதியாட்டம் ஆடியதோ அந்த அலபாமாவும் ஜார்ஜியாவும்தான்! நான்கு அணி முறை நடந்த பத்து ஆண்டுகளில் சின்ன லீக்கிலிருந்து உள்ளே போனது 2021-இல் சின்சினாட்டி மட்டுமே.

2024 முதல் 12 இடம். 2025 சீசன் வரை, வரிசையில் முன்னால் நிற்கும் ஐந்து லீக் சாம்பியன்களுக்கு இடம் உறுதியாக இருந்தது. 'பெரிய லீக்' என்று அப்போது விதியில் இல்லை. ஏசிசி என்ற பெரிய லீக்கின் சாம்பியன் டியூக் ஐந்து ஆட்டம் தோற்றுவிட்டு நின்றால் ஜேம்ஸ் மேடிசன் முந்தத்தானே செய்யும்?

துலேன் 41-10, ஜேம்ஸ் மேடிசன் 51-34 என்று தோற்றது உண்மை. முந்தைய ஆண்டு எஸ்இசி என்ற பெரிய லீக்கின் டென்னசியும் 42-17 என்று உதை வாங்கியது. எஸ்இசி கதவைச் சாத்துங்கள் என்று யாராவது சொன்னார்களா? நோட்ரே டேம் எந்த லீக்கிலும் சேராமல் தனியாக நிற்பது அதன் விருப்பம். போதாததற்கு, தன்னை 27-24 என்று தோற்கடித்த மயாமிக்குப் பின்னால் நின்றது. அந்த மயாமி இறுதியாட்டம் வரை போனது.

சின்ன லீக் அணிகளுக்கு அந்த இடம் இருக்கட்டும் என்பதுதான் என் கட்சி. கூடவே, பெரிய அணிகள் சின்னவர்களின் திடலுக்கும் போய் ஆட வேண்டும்.

எங்களில் ஒருவரும் அன்று தேர்வாகவில்லை. டவுன் அணியும் கடைசிவரை மேட்டுத் திடலுக்கு வரவில்லை. இப்போது அங்கே செம்பனை நிற்கிறது.