மெஷின் பிடித்த பணம் யாருடைய குணம்?

கேள்வி: சார், எனக்கு வயது 34. சம்பளத்துக்குக் குறைவில்லை. சம்பளம் வந்ததும் ஒரு தொகையைச் சேமிப்புக் கணக்குக்கு மாற்றிவிட வேண்டும் என்று ஒவ்வொரு மாதமும் நினைப்பேன். இரண்டு மாதம் மாற்றுவேன், மூன்றாம் மாதம் ஏதாவது செலவு வந்து நின்றுவிடும். கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி ஒரு வருடமாக ஓட்டுகிறேன். அண்ணனிடம் வாங்கிய கைமாற்று ஒன்றரை வருடமாக அப்படியே நிற்கிறது; அவர் கேட்டதே இல்லை. சம்பளத்தன்றே தானாகப் பிடித்துக்கொள்ளும்படி வங்கியில் ஏற்பாடு செய்துவிடுங்கள் என்கிறாள் மனைவி. அப்பாவோ, "மெஷின் பிடிக்கிற பணம் உன் சேமிப்பாடா? மனசைக் கட்டிச் சேர்த்தால்தான் அது குணம்" என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: பணத்தைப் பொறுத்தவரை உங்கள் மனைவி சொல்வது சரி. குணத்தைப் பொறுத்தவரை அப்பா சொல்வதில் பாதி சரி. அது எந்தப் பாதி என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதற்கு முன் கார்டைப் பார்த்துவிடுவோம், அது காத்திருக்காது.

உங்கள் கார்டுக்கு மாதம் 3% வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். சும்மா விட்டால் 100 என்று இருக்கும் பாக்கி 12 மாதத்தில் 142-ஐத் தாண்டிவிடும். நீங்கள் சும்மா விடவில்லை, குறைந்தபட்சத் தொகையாக மாதாமாதம் பாக்கியில் 5% கட்டுகிறீர்கள் என்றால், அதில் 3 வட்டிக்கே போய்விடுகிறது. அசலில் குறைவது ஏறக்குறைய 2. புதிதாக ஒரு பொருள்கூட வாங்காமல் இருந்தாலும் பாக்கி பாதியாவதற்கு இரண்டரை வருடத்துக்கு மேல் ஆகும். முழுப் பாக்கியைக் கட்டாதவர்களுக்குப் புதிதாக வாங்குவதற்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஏறுவதுதான் பெரும்பாலான கார்டுகளின் வழக்கம். எனவே ஒரு மாதச் செலவுக்கான பணத்தைக் கையிருப்பாக வைத்துக்கொண்டு, மற்றச் சேமிப்பையெல்லாம் இப்போதைக்கு நிறுத்திவிடுங்கள். சம்பளத்துக்கு மறுநாள் ஒரு நிலையான தொகை கார்டுக்குத் தானாகப் போகட்டும். கார்டு தீர்ந்த மாதமே அதே தொகையை, அதே தேதியில், சேமிப்புக்குத் திருப்பிவிடுங்கள். நடுவில் ஒரு மாதம் இடைவெளி விட்டால், அந்தப் பணத்துக்கு ஒரு செலவு தானாக முளைத்துவிடும். கார்டை அதுவரை கூடவே எடுத்துப் போகாதீர்கள்.

இனி அப்பா சொன்னதற்கு வருவோம். மனதைக் கட்டிச் சேர்ப்பதுதான் குணம் என்றால், மனம் கட்டுப்படாத மாதத்தில் நாம் குணம் கெட்டவர்களா? இந்தக் கணக்கு மனிதர்களுக்கு ஒத்துவருவதில்லை. 1998-இல் ஓர் அமெரிக்க நிறுவனம், புதிதாகச் சேரும் ஊழியர்களை ஓய்வுக்காலச் சேமிப்பில் தானாகவே சேர்த்துவிட்டது. வேண்டாம் என்றால் விலகிக்கொள்ளலாம். அதற்கு முன் சேர்ந்த ஊழியர்களில், அவர்களாக முன்வந்து சேமித்தவர்கள் 49%. புதிய முறையில் சேமித்தவர்கள் 86%. ப்ரிஜிட் மாட்ரியன், டென்னிஸ் ஷியா என்ற ஆய்வாளர்கள் இருவர் 2001-இல் வெளியிட்ட கணக்கு இது. அந்த ஊழியர்களுடைய குணம் ஒன்றும் ராத்திரியோடு ராத்திரியாக மாறிவிடவில்லை. படிவத்தில் யார் கையெழுத்துப் போட வேண்டும் என்பது மாறியது, அவ்வளவுதான்.

ஆனால் அதே ஆய்வில் இன்னொரு பக்கமும் உண்டு. அதை என் தொழிலில் இருக்கிறவர்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை. அப்படித் தானாகச் சேர்க்கப்பட்டவர்களில் ஏராளமானோர், நிறுவனம் தொடக்கத்தில் வைத்த 3% பிடித்தத்திலேயே, அது போட்டுவைத்த அதே திட்டத்திலேயே அப்படியே இருந்துவிட்டார்கள். முந்தைய ஊழியர்களில் அந்த வழியைத் தாங்களாகத் தேர்ந்தெடுத்தவர்கள் மிகக் குறைவு. மெஷின் பணத்தைச் சேர்த்துக் கொடுத்தது. கவனத்தைச் சேர்த்துக் கொடுக்கவில்லை. உங்கள் அப்பாவுக்குத் தெரிந்திருப்பது இதுதான் என்று நினைக்கிறேன், வேறு வார்த்தையில் சொல்லியிருக்கிறார்.

சில வருடங்களுக்கு முன் ஒருவர் தன் வங்கிக் கணக்கை அச்செடுத்துக் கொண்டுவந்தார். பார்க்கவே அழகாக இருந்தது. வீட்டுக்கடன் தவணை 5-ஆம் தேதி, காப்பீடு 7, முதலீடு 10. வருடம் முழுக்க ஒரு நாள் பிசகவில்லை. தேதிகளின் மேல் விரலை வைத்து இறங்கிக்கொண்டே வந்தேன். ஒரு பெயர் மட்டும் இடம் மாறிக்கொண்டே இருந்தது. ஒரு மாதம் 3, அடுத்தது 9, அப்புறம் 6, 12, ஒரு மாதம் 14. யார் இவர் என்று கேட்டேன். வீட்டு வேலை செய்கிற அம்மா என்றார். "மறந்துபோயிடுது சார், அவங்களும் வாய் திறந்து கேட்க மாட்டாங்க."

மறதி என்பது எல்லா வரியிலும் கொஞ்சம் கொஞ்சம் வந்தால் மறதி. பன்னிரண்டு மாதமும் ஒரே வரியில் மட்டும் வந்து உட்கார்ந்தால் அதற்குப் பெயர் வேறு. அவர் கெட்டவர் இல்லை, கேட்டதும் முகம் சுருங்கிவிட்டது. தாமதமானால் அபராதம் போடுகிறவர்களுக்கு முதலில், வாய் திறக்காதவர்களுக்கு அப்புறம் என்று ஒரு வரிசை அவருக்குத் தெரியாமலே அவரிடம் படிந்திருந்தது. யாரும் அப்படி ஒரு வரிசையை உட்கார்ந்து முடிவு செய்வதில்லை. இன்றைக்கு ஒரு நாள், நாளைக்கு ஒரு நாள் என்று தள்ளியதில் அது சேர்ந்துவிடுகிறது.

இதைச் சொல்ல எனக்கும் பெரிய தகுதி கிடையாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் உடன் வேலை பார்த்தவரிடம் ஒரு சின்னத் தொகை வாங்கியிருந்தேன். நாளைக்கு, சம்பளம் வரட்டும் என்று தள்ளித் தள்ளி, அவர் வேறு வேலைக்கே போய்விட்டார். தொகை எவ்வளவு என்பது இப்போது நினைவில்லை. அவர் இருந்த கடைசி இரண்டு வாரம், அவர் மேசை இருந்த பக்கம் போகாமல் சுற்றி நடந்தது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

இப்போது உங்கள் அண்ணன். கணக்குப்படி பார்த்தால் அவருக்குக் கடைசியில்தான் கொடுக்க வேண்டும். வட்டி அதிகமான கடனை முதலில் அடை என்பது நல்ல விதி, நானே நூறு பேருக்குச் சொல்லியிருப்பேன். அண்ணன் வட்டியே கேட்கவில்லை. ஆனால் இந்த ஓரிடத்தில் விதியை மீறச் சொல்கிறேன். கடனுக்காக ஒதுக்கும் பணத்தைப் பத்துப் பங்கு ஆக்கி, ஒன்பதைக் கார்டுக்கும் ஒன்றை அண்ணனுக்கும் அனுப்புங்கள். இதனால் கூடுதலாகக் கொஞ்சம் வட்டி கட்டுவீர்கள். கட்டுங்கள். வட்டி கேட்காத ஒரே காரணத்துக்காக ஒருவரைக் கடைசியில் நிறுத்துவது பழகிவிட்டால், அது பணத்தோடு நிற்காது.

கார்டுக்குப் போவது தானாகப் போகட்டும். அண்ணனுக்குப் போவது வேண்டாம். மாதாமாதம் நீங்களே போனை எடுத்து, அவர் பெயரைத் தேடி, தொகையை அடித்து அனுப்புங்கள். ஆட்களுக்குச் சேர வேண்டிய பணம் எல்லாவற்றுக்கும் நான் இதைத்தான் சொல்வேன். வேலை செய்தவருக்குக் கூலி, பெற்றோருக்கு அனுப்புவது, யாருக்காவது உதவி, எல்லாம் கையால். நிறுவனங்களுக்குப் போவது தானாகப் போகட்டும், அதைப் பற்றி நீங்கள் நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மாதம் ஒருமுறை செய்வது பழக்கமாக ஊறுவதற்கு வருடத்தில் 12 வாய்ப்புதான் கிடைக்கும். லண்டனில் ஃபிலிப்பா லாலி என்ற ஆய்வாளரும் உடன் இருந்தவர்களும் 96 பேரை, ஒவ்வொருவரும் ஒரு சின்னப் பழக்கத்தைத் தேர்ந்து தினமும் செய்யச் சொல்லிப் பார்த்தார்கள். அது தானாக வரும் அளவுக்குப் படிய நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் வித்தியாசம், 18 நாளிலிருந்து 254 நாள் வரை. இடையில் ஒரு நாள் விட்டுப்போனது பெரிதாகப் பாதிக்கவில்லை. 'மூன்றாம் மாதம் நின்றுவிடும்' என்று எழுதியிருக்கிறீர்களே, நின்றதில் தவறு குறைவு. நின்றதும் 'நான் இப்படித்தான்' என்று நாலாம் மாதமும் விட்டீர்கள் பாருங்கள், அதுதான் கெடுத்தது.

அதனால் தினமும் செய்யக்கூடியதாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி படுக்குமுன் அன்றைய செலவில் ஒன்றே ஒன்றை எழுதுங்கள். மனைவி கேட்டால் சொல்லக் கூசுவீர்களே, அதை. எல்லாச் செலவையும் எழுதுகிற நோட்டுப் புத்தகங்கள் பத்தாம் நாள் செத்துப்போவதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு வரி என்றால் தாக்குப்பிடிக்கும். அப்படி எதுவும் இல்லாத நாளில் 'இல்லை' என்று எழுதுங்கள்.

சம்பள உயர்வு வந்தால்? அது வருவதற்கு முன்பே வங்கியில் சொல்லிவைத்துவிடுங்கள். பொருளாதார ஆய்வாளர்கள் ரிச்சர்ட் தேலரும் ஷ்லோமோ பெனார்ட்ஸியும் ஓர் இடத்தில் இதைச் செய்து பார்த்தார்கள்: அடுத்த உயர்விலிருந்து ஒரு பங்கு சேமிப்புக்கு என்று ஊழியர்கள் முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வேண்டும். 40 மாதத்தில் அவர்களுடைய சேமிப்பு சம்பளத்தில் 3.5%-இலிருந்து 13.6% ஆனது. பணம் கைக்கு வருமுன் எடுத்த முடிவு அது. அப்பா கேட்டால் இதையும் சொல்லுங்கள்: பிடிப்பது மெஷின்தான், எழுதிக் கொடுத்தது உங்கள் கை.

இந்த மாதமே அண்ணனுக்கு அனுப்பத் தொடங்கிவிடுங்கள். குறிப்பு எழுதும் இடத்தில் '1/20' என்று போடுங்கள், எத்தனை மாதம் என்பது அவருக்கும் தெரியட்டும். உடனே கூப்பிட்டு "இப்ப எதுக்குடா இது?" என்பார். அடுத்த மாதம் 2/20 அனுப்புங்கள்.